முகப்பில் ரவுட்டர், இரண்டாங்கட்டில் அப்பத்தா

எங்கள் வீட்டின் நீளம் 52 மீட்டர். டேப் பிடித்து அளந்தேன். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வந்து பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. முகப்பு வரை இணைய இணைப்பு வந்து, ரவுட்டரும் மாட்டியாகிவிட்டது. அப்பத்தா இருப்பது இரண்டாங்கட்டில், அடுப்படியை ஒட்டிய தாழ்வாரத்தில். கோலாலம்பூரில் இருக்கும் கொள்ளுப்பேரன் வீடியோவில் வருவான், வாயைத் திறப்பான், அப்படியே சிலையாகிவிடுவான். “என்னப்பச்சி, புள்ள மொகம் நின்னு போச்சு?” என்று அப்பத்தா போனைத் தொடையில் தட்டுவார்.

வீட்டுக்குப் பங்காளிகள் ஆறு பேர். வாட்ஸப் குழுவில் யோசனையும் ஆறு. ஆறு ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டராக வாங்கிவிடலாம் என்றார் சிங்கப்பூர் அண்ணன். நடுவில் ஒரு ரிப்பீட்டர் போதும் என்றார் சென்னைச் சித்தப்பா. கோயம்புத்தூர் மாப்பிள்ளை மெஷ் கட்சி, அதாவது தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வைஃபைப் பெட்டிகளை அங்கங்கே வைப்பது. ஒருவர் மின்சார ஒயர் வழியாகவே நெட்டை அனுப்பும் பெட்டி என்றார், இன்னொருவர் கேபிள் இழுக்கச் சொன்னார். ஆறாமவர், “அப்பத்தாவை முகப்புக்கு வந்து பேசச் சொல்லுங்க” என்று போட்டார். அது அப்பத்தா காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டோம்.

இயற்பியல் படித்த பாவத்துக்கு, முடிவெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எதை வாங்குவது என்று யோசிக்கும் முன் அலை எங்கே சாகிறது என்று பார்ப்போம் என, போனில் சிக்னல் அளக்கும் செயலியைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். ரவுட்டர் பக்கத்தில் மைனஸ் 42. வளவில், அதாவது முற்றம் இருக்கும் நடுக்கட்டில், முற்றத்து ஓரத்தில் மைனஸ் 61. இரண்டாங்கட்டு அடுப்படியில் மைனஸ் 88. இந்த எண் டெசிபெல் கணக்கு. 10 குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிறது, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. வளவுக்கும் அடுப்படிக்கும் நடுவில் 27 போயிருக்கிறது, அதாவது ஐந்நூறில் ஒரு பங்குதான் மிச்சம். தூரம் மட்டும் இவ்வளவைத் தின்னாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் போவது 6 டெசிபெல்தான்.

தின்றது சுவர். ஒன்றே முக்கால் அடிச் சுண்ணாம்புச் சுவர். முட்டை வெள்ளையும் கடுக்காயும் போட்டு இழைத்த பூச்சுதான் சிக்னலை மறிக்கிறது என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். பாவம், அந்தப் பூச்சு மேல் பழி போடாதீர்கள். வைஃபையில் இரண்டு பட்டைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சுமார் ஐந்தரை. இந்த அலைகளுக்கு, சுவர் மேல் சில மில்லிமீட்டர் மெருகு இருப்பதே தெரியாது. உள்ளே இருக்கும் செங்கல் தெரியும்.

அலை சுவரில் மோதும்போது மின்புலமும் காந்தப்புலமும் இரண்டு பக்கமும் ஒத்துப்போயாக வேண்டும். அந்தக் கணக்கு நேராக வர ஒரு பகுதி திரும்பித்தான் ஆக வேண்டும். செங்கல்லுக்குள் அலையின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. அப்படியானால் நேராக மோதுகிற அலையில் ஒன்பதில் ஒரு பங்கு திரும்பிவிடும். சாய்வாக உரசிக்கொண்டு போனால் இன்னும் அதிகம் திரும்பும். மிச்சம் உள்ளே போய், வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி அழியும். ஈரம் இருந்தால் அழிவு கூடும். ஐப்பசி மழையில் சுண்ணாம்புச் சுவர் தண்ணீர் குடித்து நிற்கும்போது எங்கள் வீட்டில் நெட் மோசமாவதற்குக் காரணம் அதுதான். (2.4 கிகாஹெர்ட்ஸ் தண்ணீரின் தனி அதிர்வெண், அதனால்தான் மைக்ரோவேவ் அடுப்பு அதில் ஓடுகிறது என்று ஒரு கதை உலவுகிறது. அப்படியெல்லாம் இல்லை. தண்ணீர் அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்ணில்தான் அதிகபட்சமாக உறிஞ்சும். 2.4-லும் உறிஞ்சும், அவ்வளவுதான்.)

சுவரைவிட மோசமான எதிரி ஒன்று எங்கள் வீட்டில் உண்டு: சாமான் அறை. மூன்று தலைமுறை மருமகள்கள் கொண்டுவந்த சீர்ச் சாமான் தரையிலிருந்து உத்தரம் வரை அடுக்கியிருக்கிறது. எவர்சில்வர் வாளி, பித்தளை அண்டா, தூக்குச் சட்டி, எண்ணிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. உலோகத்தின் மேல் அலை பட்டதும் அதிலுள்ள எலெக்ட்ரான்கள் ஓடி, வந்த மின்புலத்தை ரத்து செய்து, அலையைத் திருப்பி அனுப்பிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை எவர்சில்வருக்குள் ஏறத்தாழ 9 மைக்ரான் ஆழத்திலேயே மூன்றில் ஒரு பங்காக மங்கிவிடும். அரை மில்லிமீட்டர் வாளிச் சுவர் அதைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல். ஆக, அந்த அறையைத் தாண்டி எதையும் நேராக அனுப்பும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

இந்த ஞானத்தோடு ஒவ்வொரு யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

பெரிய ரவுட்டர் முதலில் அடிபட்டது. ஆன்டெனா ஆறு என்றால் பலம் ஆறு மடங்கு என்ற நினைப்பு தப்பு. 2005-ல் வந்த அரசு அறிவிப்பின்படி, 2.4 பட்டையில் உரிமம் இல்லாமல் இயக்கும் கருவிக்கு உச்சவரம்பு 1 வாட். ஆன்டெனா ஒரு திசையில் குவிக்கும் லாபத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 4 வாட். எந்தப் பெட்டியும் இதற்குள்தான் இருக்க வேண்டும். சரி, வரம்பையே மறந்துவிடுவோம். போன் பதில் பேச வேண்டாமா? போனின் பலம் ரவுட்டரைவிடக் குறைவு, பேட்டரியும் சின்னது. முகப்பில் நின்று நாம் கத்தினால் அடுப்படியில் கேட்கலாம். அப்பத்தா மெல்லச் சொல்லும் பதில் நமக்குக் கேட்காது. வீடியோ பேச்சு இரண்டு வழிப் பாதை. பெரிய ரவுட்டர் வாங்கிய வீடுகளில் “கோடு முழுசா இருக்கு, ஆனா ஓடமாட்டேங்குது” என்ற புலம்பல் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ரிப்பீட்டர் மலிவு. அதற்காகவே வாங்குகிறார்கள், வாங்கியதும் சிக்னல் இல்லாத இடத்தில் போய்ச் செருகுகிறார்கள். அதற்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? நல்ல இடத்தில் வைத்தாலும் ஒரே ரேடியோ கொண்ட மலிவு ரகம், கேட்ட பிறகுதான் சொல்லும், வேகம் பாதியாகிவிடும். மின்சார ஒயர் வழி அனுப்பும் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பாதி ஒயரிங் இன்னும் மரப்பட்டிக்குள் ஓடுகிறது, முகப்பும் இரண்டாங்கட்டும் வேறு வேறு ஃபேஸ். அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

மெஷ் விஷயத்தில்தான் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. மாப்பிள்ளை தன் வீட்டுப் பெட்டிகள் இரண்டை ஒரு வாரம் இரவல் கொடுத்தார். செட்டிநாட்டு வீட்டில் வாசற்கால்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். முன்வாசலில் நின்றால் முகப்பு, பட்டாலை என்கிற கூடம், வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் தெரியும். சுவரை ஏன் துளைக்க வேண்டும், இந்தக் கதவு வரிசையில் அனுப்பினால் போதாதா? இரண்டு பெட்டிகளையும் அந்தக் கோட்டில் எதிரெதிரே வைத்தேன். தூரத்துக்குப் போக 2.4-தான் நல்லது என்று எல்லோரும் சொல்வதால் முதலில் அதில் இணைத்தேன். சுமார்தான். 5-க்கு மாற்றினால் கிடுகிடுவென்று ஏறியது.

2.4-இல் கூட்டம் அதிகம், பட்டை குறுகல், அது பாதிக் காரணம். மீதி, கண்ணுக்கு வாசல் திறந்திருப்பதும் அலைக்குத் திறந்திருப்பதும் ஒன்றல்ல என்பது. அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை. இரண்டு முனைக்கும் நடுவில் சுரைக்காய் போல் ஒரு வயிறு வைத்துக்கொண்டுதான் போகும். பிரெனெல் மண்டலம் என்று அதற்குப் பெயர். 50 மீட்டர் தூரத்துக்கு, நடுவில் அந்த வயிற்றின் ஆரம் 2.4-ல் 1.25 மீட்டர், 5.5 கிகாஹெர்ட்ஸில் 83 சென்டிமீட்டர். ஆரத்தில் அறுபது சதவீதம் தடையில்லாமல் இருந்தால் போதும் என்பது நடைமுறைக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 2.4-க்கு ஒன்றரை மீட்டர் அகல வாசல் தேவை, 5-க்கு ஒரு மீட்டர். எங்கள் வாசற்கால் நான்கு அடி, அதாவது 1.2 மீட்டர். குட்டை அலை உரசாமல் நுழைந்துவிடுகிறது, நீள அலை நிலையில் இடித்துக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடித்த பிரெஞ்சு விஞ்ஞானி பிரெனெல் ஒளியை நினைத்துத்தான் கணக்குப் போட்டார். 1827-ல் இறந்துபோனார். ஒளியும் மின்காந்த அலைதான் என்று சொல்லப்போகிற மேக்ஸ்வெல் பிறந்ததே 1831-ல். மேக்ஸ்வெல் 1865-ல் வெளியிட்ட கட்டுரையில், மேசையில் வைத்து அளந்த மின் அளவுகளையும் காந்த அளவுகளையும் கொண்டே அலையின் வேகத்தைக் கணித்தார். அது ஒளியின் வேகத்தோடு வந்து பொருந்தியது. பிளஸ் டூவில் விடுதிறன், உட்புகுதிறன் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்துத் தலைகீழாக்கினால் வரும் வேகம்தான். அப்போது மதிப்பெண்ணுக்காகப் படித்தது, இப்போது வாசற்காலில் வந்து நிற்கிறது.

5 கிகாஹெர்ட்ஸ் பற்றி இன்னொரு தப்பெண்ணமும் இருக்கிறது. காற்று அதை அதிகம் தின்றுவிடும் என்பார்கள். வீட்டளவு தூரத்தில் காற்று இரண்டையும் தின்பதில்லை. ஒரே வகை ஆன்டெனாவை இரண்டுக்கும் செய்தால் 5-க்கானது சின்னதாக இருக்கும், சின்ன வலையில் குறைவாக விழும். அந்த 7 டெசிபெல் வித்தியாசம் வலையின் அளவால் வருவது. உண்மையில் 5 தோற்பது சுவரில்தான். சுவர் இல்லாத பாதை கிடைத்தால் அதைக் கையில் எடுப்பதே புத்தி.

பிறகு ஏன் மெஷ்ஷோடு நிற்கவில்லை என்றால், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வந்தது. அன்றைக்கு வீட்டில் அறுபது பேர். வளவில் இலை போட்டு, வாசற்காலுக்கு வாசற்கால் ஆள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். நிலையில் நான்கு பேர் சாய்ந்து நின்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கதவு சாத்தியது போலத்தான். வெளிநாட்டில் இருந்தவர்களுக்குப் படைப்பைக் காட்டலாம் என்று வைத்திருந்த வீடியோ, தீபாராதனை நேரத்தில் சரியாக நின்றது. நான் போய் “கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, சிக்னல் போகணும்” என்றால், “எந்தச் சிக்னலு, கீழச்சிவல்பட்டியில போட்டிருக்காங்களே அதா?” என்கிறார்.

அந்த வாரத்தில் ஒன்று பார்த்தேன். பட்டாலையில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி எதிரும் புதிருமாக இரண்டு. அவற்றுக்கு நடுவில், தேக்குத் தூணை ஒட்டிய திண்டில் போனை வைத்தால் மைனஸ் 57. மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினால் மைனஸ் 70. இன்னும் அதே அளவு நகர்த்தினால் மறுபடி மைனஸ் 58. கண்ணாடிக்குப் பின்னால் பூசிய உலோகம் முகத்தைக் காட்டுவதோடு வைஃபையையும் திருப்பி அனுப்புகிறது. போகிற அலையும் திரும்புகிற அலையும் சேர்ந்து சில இடத்தில் கூடும், சில இடத்தில் அழியும். இரண்டு அழிவுப் புள்ளிகளுக்கு நடுவே அரை அலைநீளம், 2.4-ல் 6 சென்டிமீட்டர் சொச்சம். 1888-ல் ஹெர்ட்ஸ் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் செய்ததும் இதைத்தான். அறைச் சுவரில் துத்தநாகத் தகட்டை மாட்டி, அலையை அதில் மோதவிட்டு, எங்கே பொறி விழுகிறது, எங்கே விழவில்லை என்று தேடி அலைநீளத்தை அளந்தார். மேக்ஸ்வெல் சொன்ன அலை நிஜமாகவே இருக்கிறது என்பது அப்படித்தான் நிரூபணமானது. எங்கள் பட்டாலையில் அதற்குத் துத்தநாகத் தகடு வேண்டியதில்லை. அறைக்குள் நெட் ‘விட்டு விட்டு’ வந்தால் பெட்டியை மாற்றும் முன் போனை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். காசு மிச்சம்.

முற்றத்துக் கம்பியையும் சொல்லிவிடுகிறேன். குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து முற்றத்தின் மேல் நான்கு அங்குலச் சதுரமாக இரும்புக் கம்பி போட்டிருக்கிறோம். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அதற்கு அந்த ஓட்டை சின்னது, பெரும்பகுதி மேலேயே திரும்பிவிடும். வைஃபை அலைக்கு அது தாராளமான ஜன்னல். வளவுக்குள் செல்போன் கோடு குறைவதற்கு டவர்காரரை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

கடைசியில் மிஞ்சியது ஒயர். ஒயர் என்றதும் எல்லோரும் நினைப்பது நீல நிறச் செம்பு லேன் கேபிளை. 100 மீட்டர் வரை தாங்கும், எங்கள் 52-க்குத் தாராளம். விலையும் குறைவு, முனை பிடிக்கத் தெரிந்த பையன்கள் காரைக்குடியில் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆனால் நான் செம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு வருடம் முன் என் சொந்த வீட்டில் மாடி வழியாக அதை இழுத்திருந்தேன். ஒரு சித்திரைக் கோடை மழையில் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. எங்கள் வீட்டில் விழவில்லை. ஆனாலும் ரவுட்டரின் இரண்டு துளைகள், மறுமுனையில் டிவி பெட்டி, மூன்றும் காலி. காரணம் ஃபாரடே 1831-ல் சொன்னது: காந்தப்புலம் வேகமாக மாறினால் அருகிலிருக்கும் கம்பி வளையத்தில் மின்னழுத்தம் பிறக்கும். மின்னலின் மின்னோட்டம் மைக்ரோ நொடிகளில் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தொடும். லேன் கேபிள் ஒரு பக்கம், மின்சார ஒயர் ஒரு பக்கம் என்று வீட்டைச் சுற்றி வந்தால் அது பெரிய வளையம். முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் 52 மீட்டர் வீட்டில் அந்தச் சோதனையை மறுபடி நடத்த எனக்கு மனசில்லை.

ஆகவே ஃபைபர். தெருவிலிருந்து முகப்பு வரை வந்த அதே கண்ணாடி இழையை இன்னும் 45 மீட்டர் உள்ளே கூட்டிப் போவது. உலோகக் கம்பி சேர்க்காத ரகமாகக் கேட்டு வாங்கினால், இடி விழுந்தாலும் அதில் மின்னோட்டம் பாய வழியில்லை. அதற்குள் ஓடுவதும் மின்காந்த அலைதான். 1310 நானோமீட்டர் அலைநீளம். வைஃபை அலையைவிட ஏறத்தாழ 95 ஆயிரம் மடங்கு குட்டை. கண்ணாடியின் நடுப்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் ஒளிவிலகல் எண்ணில் சின்ன வித்தியாசம் இருப்பதால் முழு அக எதிரொளிப்பில் வெளியே தப்பாமல் போகிறது. சாமான் அறை, சுண்ணாம்புச் சுவர், நிலையில் சாய்ந்து நிற்கும் அண்ணன்மார், எதுவும் அதைத் தொடாது. இரண்டு முனையிலும் ஒளியை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டிகள் வேண்டும்; செம்பைவிடச் செலவு கொஞ்சம் கூடத்தான்.

சுவரில் ஒரு துளைகூடப் போடவில்லை. தாழ்வாரத்து உத்தரத்தின் மேல்விளிம்பில், கீழே நின்று பார்த்தால் தெரியாதபடி, இழையைப் படுக்கவைத்தோம். வளைவில் மட்டும் கவனம்: கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும், அதனால் தூண் முனைகளில் ஒரு பெரிய அண்டா விளிம்பு அளவுக்குச் சுற்றவிட்டேன். வளவில் ஒரு வைஃபைப் பெட்டி, இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் ஒன்று. இரண்டின் பலத்தையும் வேண்டுமென்றே குறைத்துவைத்தேன். கூட்டிவைத்தால் போன் தூரத்துப் பெட்டியையே பிடித்துக்கொண்டு தொங்கும். அப்பத்தாவின் தாழ்வாரத்தில் இப்போது மைனஸ் 48.

எல்லோரும் இதையே செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பொங்கலுக்கும் படைப்புக்கும் மட்டும் வீட்டைத் திறக்கிறவர்கள் மெஷ் பெட்டி இரண்டைக் கையோடு கொண்டுவந்து, கதவு வரிசையில் 5 கிகாஹெர்ட்ஸில் வைத்துவிட்டு, போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றுகிறவர்கள் யோசிக்காமல் ஃபைபர் போடுங்கள். வருகிறவர்கள் ஆத்தங்குடித் தரையைப் படம் எடுத்த அடுத்த நிமிடம் நெட் கேட்பார்கள். ஒற்றை முற்றம் உள்ள சின்ன வீட்டுக்கு, ரவுட்டரை முகப்பிலிருந்து கழற்றி வளவுத் தூணில் மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாங்கட்டில் இன்னும் சிக்னல் எடுக்கவில்லை. அந்த அறைகளின் சாவி ஆறாவது பங்காளியிடம் இருக்கிறது. பொங்கலுக்குக் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார், 20 மீட்டர் இழை சுருட்டி உத்தரத்திலேயே தொங்குகிறது.